வெள்ளையடிக்கும் முன் வில்லங்கம் பாருங்கள்

உறையூரில் அப்பா 1986-இல் கட்டிய வீட்டை விற்பது என்று முடிவானதும் நான் முதலில் கூப்பிட்டது பெயிண்டரைத்தான். அம்மாவால் அங்கே தனியாக இருக்க முடியவில்லை. என்னோடு வந்துவிடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். வீடு பளிச்சென்று இருந்தால் நல்ல விலை வரும் என்று நினைத்து, உள்ளும் புறமும் வண்ணம் பூச ஒன்றரை லட்சம் வரை செலவழித்தோம். மூன்றாவதாக வந்து பார்த்தவருக்கு வீடு பிடித்துவிட்டது. விலையும் படிந்தது. முன்பணம் கொடுப்பதற்கு முன் அவருடைய வக்கீல் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “உங்க அப்பா தவறினப்ப, அவரோட அம்மா இருந்தாங்களா?”

பாட்டி இருந்தார். அப்பா 1998-இல் போனார், பாட்டி 2006-இல். அந்த ஒரு பதிலால் பத்திரப் பதிவு ஐந்து மாதம் தள்ளிப்போனது. அதற்குள் ஒரு மழைக்காலம் வந்து, புதிதாகப் பூசிய சுவரில் ஓதம் ஏறி, வண்ணம் உரிந்தது.

அந்த ஐந்து மாதத்தில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் சொந்த வீட்டை, அதிலும் பெற்றோர் கட்டிய பழைய வீட்டை விற்கப் போகிறவர்களுக்கு இது உதவும். வேலையின் வரிசை முக்கியம். முதலில் காகிதம். அடுத்து மொட்டைமாடியும் தண்ணீரும். வண்ணம் எல்லாவற்றுக்கும் கடைசி.

செய்ய வேண்டியவை

வில்லங்கச் சான்றிதழை நீங்களே முதலில் எடுங்கள்.
வாங்குபவர் எடுத்துப் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். பதிவுத் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30 ஆண்டுகளுக்கு எடுங்கள். வந்ததும் வரிக்கு வரி படியுங்கள். சர்வே எண், கதவு எண், தெருவின் பெயர், அப்பாவின் தலைப்பெழுத்து எல்லாம் பத்திரத்தில் இருப்பதுபோலவே இருக்கின்றனவா? எப்போதோ வாங்கி அடைத்துவிட்ட அடமானக் கடன் இன்னும் நிலுவையில் இருப்பதுபோல் காட்டுகிறதா? ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த ஒரு பிழைத்திருத்தல் பத்திரம் வேண்டும். அதில் கையெழுத்திட வேண்டியவர் முப்பது ஆண்டுக்கு முன் உங்களுக்கு மனை விற்றவராக இருக்கலாம். அவரைத் தேடிப் பிடிக்கும் வேலையை வாங்குபவர் வந்து நிற்கும்போது தொடங்கக்கூடாது.

யார் யாருக்குப் பங்கு என்று எழுதி வைத்துக் கணக்குப் போடுங்கள்.
எங்களைச் சிக்க வைத்தது இதுதான். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய மனை, தானே கட்டிய வீடு, உயில் எழுதவில்லை. அப்படியானால் அம்மாவுக்கும் அக்காவுக்கும் எனக்கும்தான் சொத்து என்று நினைத்திருந்தோம். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் நிலை வாரிசுகளில் அவருடைய மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயும் உண்டு. ஆகவே அப்பா இறந்த அன்றே வீட்டில் நான்கில் ஒரு பங்கு பாட்டிக்குப் போய்விட்டது. பாட்டியும் உயில் எழுதாமல் இறந்ததால் அந்தக் கால் பங்கு அத்தைக்கும் சித்தப்பாவுக்கும், இறந்துபோன மகனான அப்பாவின் வழியில் எங்களுக்குமாக மூன்றாகப் பிரிந்தது. அதாவது அத்தைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, சித்தப்பாவுக்கும் அவ்வளவே. இது அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அத்தை முதலில் வேண்டாம் என்றார். “உங்க அப்பன் கட்டுன வீட்டுல எனக்கு என்னடா பங்கு?” என்று கேட்டார். நான் கணக்கைக் காட்டி, அவருடைய பங்குத் தொகையைப் பெற்றுக்கொள்ளச் சொல்லி, அத்தை, சித்தப்பா இருவரையும் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகவே சேர்த்தேன். அத்தையிடம் பான் அட்டையே இல்லை. அதை வாங்குவதற்குத் தனியாக ஒரு ஓட்டம்.

பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டை விற்க முடியும் என்று இன்னும் நினைக்கிற அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சம பங்கு 1956 முதல் உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகளைப் பங்காளியாகத் தமிழ்நாடு 1989-லேயே ஏற்றது. அந்தச் சட்டம் வருவதற்கு முன் மணமானவர்களை மட்டும் விலக்கி வைத்தது. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தப் பிரிவினையையும் எடுத்துவிட்டது. திருத்தம் வரும்போது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. சட்டம் கிடக்கட்டும். கூடப் பிறந்தவளிடம் சொல்லாமல் பிறந்த வீட்டை விற்பது சரியில்லை. வாரிசுச் சான்றிதழில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ப் பேசுங்கள். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு வாரிசுரிமை விதிகள் வேறு. அதை அறிந்த வக்கீலிடம் கேளுங்கள்.

பட்டாவை இப்போதைய உரிமையாளர் பெயருக்கு மாற்றுங்கள்.
பட்டா இறந்தவர் பெயரிலேயே இருக்கும் வீடுகள் ஏராளம். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மூலப்பத்திரம் ஆகியவற்றை வைத்து இ-சேவை மையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். கூட்டுப் பட்டாவாக இருந்து உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் நில அளவர் வந்து அளக்க வேண்டும். அதற்கு நாளாகும். அதனால் இந்த வேலையை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு ஆகியவற்றின் பெயர்களையும் இதோடு சரிசெய்துவிடலாம்.

மனையை அளந்து பாருங்கள்.
பத்திரத்தில் கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி என்று இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சுற்றுச்சுவர் எடுத்தபோது அரை அடி உள்ளே வந்திருப்பார். நாற்பது ஆண்டுகளாக யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அரை அடியை அறுபது அடி நீளத்துக்குப் பெருக்கினால் 30 சதுர அடி. வாங்குபவர் அளந்து சொல்லி விலையைக் குறைப்பதைவிட, நீங்கள் முன்பே அளந்து, இருப்பதைச் சொல்லி விலை பேசுவது மேல். புலப்படத்தின் நகலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் கடன் இருந்தால் அதை அடைக்கும் வழியை முதலில் பேசுங்கள்.
கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் வங்கி மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததோடு வேலை முடிந்துவிடாது. கடன் வாங்கியபோது பத்திரங்களை ஒப்படைத்ததற்கான ஆவணத்தை, எம்.ஓ.டி. என்பார்கள், சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருப்பீர்கள். அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் பதிவு செய்தால்தான் வில்லங்கத்தில் கடன் தீர்ந்ததாக ஏறும். இதை மறந்து பதிவு நாளன்று தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

கட்டட அனுமதி வரைபடத்தைத் தேடி எடுங்கள்.
எங்கள் வீட்டின் கீழ்த்தளத்துக்கு நகராட்சி முத்திரையிட்ட வரைபடம் பரணில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. மாடியில் 1994-இல் எடுத்த அறைக்கு அனுமதி இல்லை. இதை வாங்குபவரிடம் முதல் சந்திப்பிலேயே சொன்னேன். கடன் வாங்கி வீடு வாங்குகிறவரென்றால் வங்கியின் பொறியாளர் வந்து அளப்பார். அனுமதியில்லாத பகுதியை மதிப்பில் சேர்க்காமல் விட்டுவிடுவார். அப்போது அவருக்குக் கிடைக்கும் கடன் குறையும், பேசிய விலை ஆட்டம் காணும். முன்பே தெரிந்தால் அதற்கேற்ப அவர் கைப்பணம் திரட்டிக்கொள்வார். மனைப்பிரிவே அங்கீகாரம் இல்லாததாக இருந்தால், அது 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவானதா என்று பாருங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்த அரசு வழி செய்திருக்கிறது.

மொட்டைமாடியில் தண்ணீர் கட்டிப் பாருங்கள்.
இனிதான் கொத்தனார் வேலை. வடிகுழாய் வாயைத் துணியால் அடைத்து, தளத்தில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, ஒரு முழுநாள் விடுங்கள். மறுநாள் கீழே கூரையில் எங்கே ஈரம் தெரிகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் வட்டம் போடுங்கள். தட்டோடு பதித்த பழைய தளங்களில் பெரும்பாலும் ஓடு கெட்டிருக்காது. ஓடுகளுக்கு நடுவில் இருக்கும் பூச்சுதான் உதிர்ந்திருக்கும். அந்த இணைப்புகளைச் சுரண்டி, நீர்த்தடுப்புக் கலவையோடு மறுபடி பூசினாலே பாதி ஒழுக்கு நின்றுவிடும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலைதான் அடுத்த ஓட்டை. வடிகுழாயில் வேப்பிலையும் புறாக் கூடும் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால் அதன் மேல் பட்டி பார்த்து வண்ணம் பூசுவது வீண்செலவு. நான் செய்தது அதுதான். ஈரம் தெரியும் உயரத்துக்கு மேல் ஓரடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் புதிதாகப் பூச வேண்டும். புதிய சிமென்ட் பூச்சு ஆறி உலர நான்கு வாரம் விட்டுத்தான் பிரைமர் அடிக்க வேண்டும். ஜன்னல் மேல் சன்ஷேடில் கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அதை வெறும் சிமென்டால் மூடிவிடாதீர்கள். உதிரும் பகுதியைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே மூட வேண்டும். வீடு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அந்தத் துருக்கம்பியைக் கண்டதும் வீடே பலமில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

தண்ணீரைக் காட்டுங்கள்.
எங்கள் ஊர்களில் வீடு பார்க்க வரும் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி, “தண்ணி எப்படி?” என்பதுதான். ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, கோடையில் எத்தனை நாள் வற்றியது, மாநகராட்சிக் குடிநீர் எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் வரும், எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். மேல்நிலைத் தொட்டியையும் தரைத் தொட்டியையும் கழுவிவிடுங்கள். சொட்டும் குழாய்களுக்கு வாஷர் மாற்றுங்கள். தமிழ்நாட்டில் 2003-இலேயே மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது போட்ட குழி இன்றைக்கு மண்மூடிக் கிடக்கும். அதைத் தோண்டிச் சல்லியையும் மணலையும் மாற்றி வையுங்கள். கழிவுநீர்த் தொட்டியை எப்போது சுத்தம் செய்தீர்கள் என்பதும் கேள்வியாக வரும்.

பரணைக் காலி செய்யுங்கள்.
பழைய பேப்பர், உடைந்த நாற்காலி, யாரும் உட்காராத சோபா எல்லாம் வெளியே போகட்டும். சாமான் நிறைந்த அறை பத்துக்குப் பத்தாக இருந்தாலும் எட்டுக்கு எட்டாகத்தான் தெரியும். இந்த வேலையை அம்மா அப்பா இருக்கும்போதே, அவர்களை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கை யாருக்குக் கொடுப்பது என்று அம்மா முடிவு செய்ய இரண்டு வாரம் ஆனது. காத்திருந்தோம். பூஜை அறையை மட்டும் கடைசி நாள் வரை கலைக்கவில்லை.

இருக்கும் நல்லதைத் துலக்குங்கள்.
சிவப்புக் காவித் தரை, மொசைக் தரை, ஆத்தங்குடிக் கல் போன்றவற்றின் மேல் புதிதாக டைல்ஸ் ஒட்டாதீர்கள். தேய்த்து மெருகேற்றினால் போதும்; இன்றைக்கு அவற்றைத் தேடி வருகிறவர்கள் உண்டு. தேக்கு நிலைக்கும் கதவுக்கும் எனாமல் பூசாமல் பழைய பூச்சைச் சுரண்டி வார்னிஷ் அடியுங்கள். சுவருக்கு வெள்ளை அல்லது வெளிர் சந்தன நிறம். வெளிப்பூச்சு வேலையை ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள்.

விலையை மனைக்கும் கட்டடத்துக்கும் தனித்தனியாகப் போடுங்கள்.
நாற்பது வயதான கட்டடத்துக்கு வாங்குபவர் அதிகம் தர மாட்டார். அவர் கண்ணில் படுவது மனைதான். உங்கள் தெருவில் கடைசி இரண்டு ஆண்டுகளில் கைமாறிய வீடுகளின் உண்மை விலையை அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். இரண்டு மூன்று தரகர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். அரசின் வழிகாட்டி மதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குபவருக்கு விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் இருக்கின்றன. 75 லட்சத்துக்கு வாங்கினால் அதற்கு மேல் 6,75,000 ரூபாய் அவர் அரசுக்குக் கட்ட வேண்டும். அவர் பேரம் பேசும்போது இந்தக் கணக்கும் உங்கள் மனதில் இருக்கட்டும். தரகருக்கு ஒரு சதவீதமா இரண்டா என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

ஆடிட்டரைப் பதிவுக்கு முன் பாருங்கள், பிறகல்ல.
மரபுவழி வந்த சொத்தை விற்ற லாபத்துக்கான வரிக்கு உங்கள் பெற்றோர் வாங்கிய விலையும் அவர்கள் வைத்திருந்த காலமும்தான் கணக்கு. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியதாக இருந்தால் அன்றைய சந்தை மதிப்பை அடிப்படையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. 2024 ஜூலை 23-க்கு முன் கைக்கு வந்த வீட்டை விற்கும் உள்நாட்டுவாசிக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீத வரி, அல்லது சரிக்கட்டலோடு 20 சதவீதம். எது குறைவோ அது. 2001-02-இல் 100 ஆக இருந்த பணவீக்கக் குறியீடு 2025-26-இல் 376. 2001 மதிப்பு 15 லட்சம், விற்ற விலை 75 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வழியில் 60 லட்ச லாபத்துக்கு ஏழரை லட்சம் வரி. இரண்டாம் வழியில் 15 லட்சம் 56,40,000 ஆக உயர்ந்து, லாபம் 18,60,000 ஆகக் குறைகிறது, வரி 3,72,000. செஸ் தனி. 2001 மதிப்பு 5 லட்சமாக இருந்திருந்தால் முதல் வழிதான் லாபம். ஆகவே போட்டுப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

லாபத்தில் இன்னொரு வீடு வாங்கினாலோ கட்டினாலோ விலக்கு உண்டு. விற்பதற்கு ஓராண்டு முன் அல்லது விற்ற இரண்டு ஆண்டுக்குள் வாங்க வேண்டும். கட்டுவதானால் மூன்று ஆண்டு. வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் அந்தப் பணத்தைப் பயன்படுத்தவில்லையென்றால் வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு தொடங்கி அதில் போட்டு வைக்க வேண்டும். பலர் சாதாரண வைப்புநிதியில் போட்டுவிட்டு விலக்கை இழக்கிறார்கள். விற்ற ஆறு மாதத்துக்குள் இதற்கென்றே உள்ள பத்திரங்களில் 50 லட்சம் வரை முதலீடு செய்வது இன்னொரு வழி; அந்தப் பணம் ஐந்து ஆண்டு முடங்கும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் உங்களுக்குத் தருவார். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரிடம் பான் இல்லையென்றால் பிடித்தம் 20 சதவீதம். அத்தைக்காக நான் ஓடியது இதனால்தான். பங்குதாரர்களில் ஒருவர் வெளிநாட்டில் வசிப்பவரென்றால் அவர் பங்குக்குப் பிடித்தம் மிக அதிகம். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை வருமான வரி அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கலாம். அவர் அங்கிருந்தே அதிகாரப் பத்திரம் அனுப்புவதானால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள்.
தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இது கட்டாயம். முன்பணம் எவ்வளவு, மீதி எந்தத் தேதிக்குள், வாங்குபவர் பின்வாங்கினால் என்ன, நீங்கள் பின்வாங்கினால் என்ன, எல்லாம் தமிழில் தெளிவாக இருக்கட்டும். அம்மாவுக்குப் படித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகே கையெழுத்து வாங்கினேன்.

செய்யக்கூடாதவை

மூலப்பத்திரத்தை யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். பார்க்க வேண்டியவர் உங்கள் வீட்டிலோ வக்கீல் அலுவலகத்திலோ உங்கள் முன்னால் பார்க்கட்டும். தரகருக்குக் கொடுக்கும் நகலின் குறுக்கே, யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள். பத்திரம் தொலைந்திருந்தால் மறைக்காதீர்கள். காவல் நிலையத்தில் புகார், நாளிதழில் அறிவிப்பு, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறைச் சான்றிதழ் என்று அதற்கும் ஒரு வழி இருக்கிறது. மாதக்கணக்கில் ஆகும் என்பதால் இன்றே தொடங்குங்கள்.

ரொக்கமாக முன்பணம் வாங்காதீர்கள். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக்கூடாது என்பது 2015 ஜூன் முதல் சட்டம். மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் பெற்றுக்கொண்டவருக்கு. “மஞ்சள் பையில ஒரு லட்சம் வச்சிருக்கேன், நல்ல நேரம் போகுது” என்று யாராவது வந்து நின்றால், நல்ல நேரத்துக்கு 101 ரூபாயை வெற்றிலைத் தட்டில் வாங்கிக்கொண்டு மீதியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. யாரும் வருத்தப்படவில்லை.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள். வாங்குபவர் தன் 9 சதவீதச் செலவைக் குறைக்கக் கேட்பார். மிச்சம் அவருக்கு, ஆபத்து உங்களுக்கு. கணக்கில் வராத பணத்தைக் கொண்டு நீங்கள் வேறு வீடு வாங்க முடியாது, வைப்புநிதியில் போட முடியாது, வரி விலக்கும் கேட்க முடியாது. வழிகாட்டி மதிப்பு காட்டிய விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வழிகாட்டி மதிப்பைத்தான் நீங்கள் விற்ற விலையாக வருமான வரித்துறை எடுத்துக்கொள்ளும்.

குறையை மறைக்காதீர்கள். தெரிந்த குறையை, அது சாதாரணப் பார்வைக்குப் புலப்படாததாக இருந்தால், விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமே சொல்கிறது. ஒழுகும் மூலையில் பீரோவை நிறுத்தி மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டில் நாளைக்கு ஒரு குழந்தை தூங்கப்போகிறது.

ஒப்பந்தம் போட்ட பிறகு அதிக விலைக்கு ஆசைப்படாதீர்கள். 2018-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தப்படி எழுதிக் கொடு என்று உத்தரவிடுவதே நீதிமன்றத்தின் பொது வழி. வழக்கு முடியும் வரை வீட்டை வேறு யாருக்கும் விற்பதும் எளிதல்ல.

தரகருக்கோ வாங்குபவருக்கோ பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். “நீங்க அலைய வேண்டாம், பவர் கொடுத்துடுங்க” என்பது கேட்க இனிமையாக இருக்கும். பவர் மூலம் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வீடு உங்கள் பெயரில் இருக்க, அதை வைத்து வேறொருவர் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பதிவுக்கு முன் சாவியைக் கொடுக்காதீர்கள். கிரகப்பிரவேச நாள் குறித்துவிட்டோம், கொஞ்சம் வேலை மட்டும் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். மனம் இளகும். ஆனாலும் கொடுக்காதீர்கள்.

சமையலறையை லட்சக்கணக்கில் புதுப்பிக்காதீர்கள். அந்தப் பணம் திரும்பி வராது. வாங்குபவர் தன் விருப்பப்படி அதை இடித்துக் கட்டிக்கொள்வார்.

வாடகைக்குக் குடியிருப்பவர் இருக்கும்போது அவருக்குச் சொல்லாமல் ஆள் கூட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். அவருக்கும் அது வீடு. ஒப்பந்தப்படி அவகாசம் கொடுத்து, முன்பணத்தைத் திருப்ப ஏற்பாடு செய்துவிட்டுப் பேசுங்கள்.

மகள் கல்யாணம், மகன் படிப்பு, கடன் நெருக்கடி என்று உங்கள் அவசரத்தை வீடு பார்க்க வருபவரிடம் சொல்லாதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் ஆள் வரவில்லையே என்று விலையை இறக்காதீர்கள்; அந்த மாதங்களில் பொதுவாகவே யாரும் வீடு வாங்க முன்வருவதில்லை. காகித வேலைக்கும் மொட்டைமாடி வேலைக்கும் ஆடி மாதமே தோது. ஆவணி பிறந்ததும் வருவார்கள்.

மீதிப் பணம் உங்கள் கணக்கில் ஏறாமல், அல்லது வங்கி வரைவோலை கையில் இல்லாமல், சார் பதிவாளர் முன் கையெழுத்து வைக்காதீர்கள். வரைவோலை எண்ணும் பரிமாற்ற எண்ணும் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். முகூர்த்த நாளில் கூட்டம் அதிகம். வயதானவர்களை அழைத்துப் போவதானால் சாதாரண நாளில் டோக்கன் வாங்குங்கள். அம்மாவையும் அத்தையையும் நான் ஒரு செவ்வாய்க்கிழமை அழைத்துப் போனேன். செவ்வாயா என்று அத்தை முகம் சுளித்தார். ஆனால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்து இருவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

சாவி கொடுக்கும் நாளில் மின் மீட்டரின் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சொத்து வரி, குடிநீர் வரி ரசீதுகளை அந்த அரையாண்டு வரை கட்டிக் கொடுங்கள். மோட்டார் ரிப்பேர் செய்பவர், பிளம்பர், பால்காரர் ஆகியோரின் எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நாங்கள் அதோடு பின்வாசல் கறிவேப்பிலை மரத்துக்கு வாரம் இருமுறை தண்ணீர் விடச் சொல்லியும் எழுதிவிட்டு வந்தோம்.

வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால், இந்த வாரமே வில்லங்கச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பெயிண்டரைப் பிறகு கூப்பிடலாம்.